நாலு சீட்டில் கேட்ட கேள்வி: மெனிக்பாம் தறப்பாளுக்குள் கற்ற 304

304 விளையாடத் தெரிந்தவர்களுக்கு அந்த நேரம் தெரியும். எட்டுச் சீட்டு வர வேண்டிய கையில் நாலுதான் வந்திருக்கும். மிச்ச நாலும் இன்னும் கட்டுக்குள் கவிழ்ந்து கிடக்கும். எதிரே இருக்கும் கூட்டாளியிடம் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆனால் வாய் திறந்து சொல்ல வேண்டும்: 160? 180? 200? அல்லது பாஸ்?

சொன்னால் திருப்பி எடுக்க முடியாது. அதற்குப் பிறகுதான் மற்ற நாலு சீட்டும் வரும்.

அந்த நாலு சீட்டை எப்படி மதிப்பிடுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. கனடாவிலும் இங்கிலாந்திலும் பழைய மாணவர் சங்கங்கள் 304 போட்டி நடத்துகின்றன. இங்கே கோயில் திருவிழா இரவுகளிலும், செத்தவீட்டில் விடியும்வரை முழித்திருக்கும்போதும் இந்த விளையாட்டு நடக்கிறது. எல்லா இடத்திலும் வெல்பவரையும் தோற்பவரையும் பெரும்பாலும் பிரிப்பது சீட்டை இறக்கும் திறமை அல்ல. முதல் நாலு சீட்டைப் பார்த்துக் கேட்கும் கேள்விதான். நான் இதைக் கற்றது 2009இல், செட்டிகுளத்தில்.

ஒரு கடதாசிக் கூட்டம்

வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளம் பிரதேசத்தில், அருவியாற்றை அண்டிய காட்டை வெட்டி அமைத்த மெனிக்பாம் முகாமை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. உங்களில் பலர் அங்கே இருந்தவர்கள். உச்ச காலத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முட்கம்பி வேலிக்குள் இருந்தார்கள். வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர்கள் வைக்கப்பட்டிருந்தன.

எனக்கு அப்போது 17 வயது. மே மாதம் போய்ச் சேர்ந்தோம். காலையில் பவுசர் தண்ணீருக்கு வரிசை, மத்தியானம் சாப்பாட்டுக்கு வரிசை. பிறகு தறப்பாளுக்குள் இருக்க முடியாத வெக்கை. பள்ளிக்கூடம் தொடங்கும்வரை செய்வதற்கு வேறொன்றும் இல்லை.

பக்கத்துக் கொட்டிலில் இருந்த ஐயா கிளிநொச்சியில் நெல் ஆலையொன்றில் கணக்கு எழுதியவர். காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றி மாத்தளன்வரை கொண்டு வந்தவர். அந்தப் பைக்குள் ஒரு கடதாசிக் கூட்டமும் இருந்தது. 52 சீட்டில் 43தான் மிச்சம். ஆனால் 304க்கு 7 முதல் ஆசு வரையான 32 சீட்டுப் போதும். தேவையான 32இல் ஒன்றே ஒன்றுதான் தொலைந்திருந்தது: கிளாவர் ஒன்பது. கிளாவர் மூன்றை எடுத்து, பேனாவால் 9 என்று எழுதி அந்த இடத்தை நிரப்பியிருந்தார்கள்.

ஐயா, அவரது மனைவி, என் சித்தப்பா. நாலாவது ஆள் இல்லை. அம்மா முதலில் முகம் சுளித்தா. "பொம்பிளைப் பிள்ளை காட்ஸ் அடிக்கிறதோ" என்றா. மாமியும் விளையாடுகிறா என்றதும் விட்டுவிட்டா. ஐயாவின் மனைவியை நான் மாமி என்றுதான் கூப்பிட்டேன். காசு வைத்து விளையாடக் கூடாது என்பது ஐயா போட்ட ஒரே நிபந்தனை. காசு வைக்க எங்கள் எவரிடமும் இருக்கவும் இல்லை.

விளையாட்டு: சுருக்கமான விளக்கம்

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். விதிகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்; நான் சொல்வது எங்கள் கொட்டிலில் விளையாடிய முறை.

நாலு பேர். எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஒவ்வொரு கலரிலும் எட்டுச் சீட்டு. பெரியதிலிருந்து சின்னது வரையான வரிசையும் புள்ளியும் இப்படி: ஜாக்கி 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளி இல்லை. ஒரு கலருக்கு 76. நாலு கலருக்கும் சேர்த்து 304. விளையாட்டின் பெயர் அதிலிருந்துதான் வந்தது.

முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. பிரிப்பவரின் வலப்பக்கத்தில் இருப்பவர் முதலில் கேட்பார். ஆகக் குறைந்த கேள்வி 160. அதற்கு மேல் பத்துப் பத்தாக ஏற்றலாம். கூடக் கேட்டவர் தன் நாலு சீட்டில் ஒன்றைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். என்ன கலர் என்று கூட்டாளிக்கும் தெரியாது. அதன் பின் மற்ற நாலு சீட்டும் பிரிக்கப்படும். எட்டும் வந்த பிறகு 250க்கோ அதற்கு மேலோ கேட்க இன்னுமொரு வாய்ப்பு உண்டு. ஆனால் பெரும்பாலான ஆட்டங்கள் முதல் நாலு சீட்டுக் கேள்வியோடேயே முடிவாகிவிடும்.

இறக்கிய கலர் கையில் இல்லாதவர் சீட்டைக் கவிழ்த்துப் போடுவார். துரும்பு வைத்தவர் அதைப் பார்த்து, வெட்டு விழுந்திருந்தால் அப்போதுதான் துரும்பை எல்லோருக்கும் காட்டுவார். எட்டுப் பிடியின் முடிவில், கேட்ட தொகையைக் கேட்ட பகுதி எடுத்திருக்க வேண்டும். 160 கேட்டவரைத் தோற்கடிக்க எதிர்ப் பகுதிக்கு 145 வேண்டும். எட்டுப் பிடியையும் ஒரு பகுதியே எடுத்தால் அது கம்மாரிஸ்.

விளையாடாமல் ஒதுக்கிய 2 முதல் 6 வரையான சீட்டுகளைத்தான் வெற்றி தோல்வி எண்ணப் பாவித்தோம். 200க்குக் குறைவாகக் கேட்டு வென்றால் ஒரு சீட்டு வரும், தோற்றால் இரண்டு போகும். 200 முதல் 240 வரை கேட்டால் வென்றால் இரண்டு, தோற்றால் மூன்று. 250க்கு மேல் வென்றால் மூன்று, தோற்றால் நாலு. தோல்வியின் விலை எப்போதும் வெற்றியின் விலையை விடக் கூட. இதைப் பிறகு பார்ப்போம்.

ஆசை விட ஜாக்கியும் ஒன்பதும் பெரியவை என்பது புதிதாகப் படிப்பவர்களைக் குழப்பும். சுவிற்சர்லாந்தில் விளையாடும் யாஸ், ஒல்லாந்தில் விளையாடும் கிளாவர்யாஸ் ஆகியவற்றிலும் துரும்புக் கலரில் ஜாக்கியும் ஒன்பதும்தான் உச்சம். எங்கள் விளையாட்டும் கேரளத்தின் 28, 56 ஆகியவையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றே சீட்டாட்ட வரலாறு எழுதுபவர்கள் கருதுகிறார்கள். எங்கள் ஊர்க் கிழவர்கள் சொல்லும் இஸ்கோப்பன், கிளாவர் என்ற பெயர்கள் ஒல்லாந்தரின் ஸ்கோப்பன், கிளாவர் என்பவையேதான். கோட்டைகளோடு சீட்டையும் விட்டுப் போயிருக்கிறார்கள்.

நாலு சீட்டை மதிப்பிடுதல்

ஐயாவின் வழியை நான் ஆறு கேள்விகளாக எழுதி வைத்திருக்கிறேன். அவர் வாயால் சொன்ன கணக்குகளைப் பிறகு நானே தாளில் போட்டுச் சரிபார்த்தேன்.

ஒன்று: இது எத்தனை புள்ளி அல்ல, எத்தனை பிடி?

மொத்தம் 304 புள்ளி. அதை எட்டால் பிரித்தால் 38. அதாவது எவருக்கும் முதல் நாலு சீட்டில் சராசரியாக 38 புள்ளி வரும். புதியவர்கள் உடனே கையைக் கூட்டிப் பார்த்து, 38ஐத் தாண்டினால் கேட்கிறார்கள். இது பிழை.

இரண்டு கைகளை எடுங்கள். முதலாவது: ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் ஒன்பது, ஆட்டின் ஏழு, கிளாவர் ஜாக்கி. புள்ளி 80. இரண்டாவது: நாலு கலரிலும் நாலு ஒன்பது. புள்ளி 80.

முதலாவதில் மூன்று சீட்டு ஏறக்குறைய உறுதியான பிடி. இரண்டாவதில் உறுதியான பிடி ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு ஒன்பதுக்கும் மேலே ஒரு ஜாக்கி வெளியில் இருக்கிறது. அந்த நாலு ஜாக்கியும் எங்கள் பகுதிக்கே வருவது 40 தடவையில் ஒரு தடவை நடந்தால் பெரிய காரியம். நாலு ஒன்பதோடு நான் ஒரு நாள் 200 கேட்டேன். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்து என் ஒன்பதுகள் இரண்டு எதிர்ப்பக்கக் குவியலில் கிடந்தபோதுதான் சொன்னார்: "கையிலை இருக்கிறது உன்ரை புள்ளி இல்லைப் பிள்ளை. பிடிச்சு எடுத்து வைச்சாத்தான் உன்ரை."

இரண்டு: ஒரு கலர் எவ்வளவு நீளம்?

ஜாக்கி, ஒன்பது, எட்டு, ஏழு என்று ஒரே கலரில் நாலும் வந்தால் புள்ளி 50தான். ஆனால் துரும்பில் பாதி ஏற்கனவே உங்கள் கையில். மிச்ச நாலும் மூன்று பேருக்குள்ளும், உங்களுக்கு வரவிருக்கும் நாலு சீட்டுக்குள்ளும் சிதறிக் கிடக்கின்றன. ஜாக்கியையும் ஒன்பதையும் இறக்கி அவற்றை உறிஞ்சி எடுத்தால் உங்கள் ஏழும் எட்டும்கூடப் பிடி எடுக்கும். புள்ளி இல்லாத சீட்டு பெறுமதியில்லாத சீட்டு அல்ல.

துரும்பாக வைக்கக்கூடிய கலரில் இரண்டு சீட்டுதான் உங்களிடம் இருந்தால், அடுத்த நாலில் இன்னும் ஒன்றாவது வர 64 வீத வாய்ப்பு. மூன்று இருந்தால் 57 வீதம். இவை நல்ல வாய்ப்புகள்தான். ஆனால் மூன்றில் ஒரு தடவைக்கு மேல் எதுவுமே வராது என்பதும் அதே கணக்குத்தான்.

மூன்று: இல்லாத சீட்டு எங்கே?

இந்தக் கணக்கு ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்தாலே போதும். உங்கள் நாலு போக 28 சீட்டுத் தெரியாது. அதில் நாலு உங்களுக்கு வரும், எட்டு கூட்டாளிக்கு, பதினாறு எதிர்ப் பகுதிக்கு. ஆகவே நீங்கள் தேடும் எந்த ஒரு சீட்டும் உங்கள் கைக்கு வர ஏழில் ஒரு வாய்ப்பு. கூட்டாளிக்கு ஏழில் இரண்டு. எதிரிகளுக்கு ஏழில் நாலு.

ஐயா இதை விரலில் எண்ணிக் காட்டுவார். "எனக்கு ஏழிலை ஒண்டு. உனக்கு ஏழிலை ரண்டு. அவைக்கு ஏழிலை நாலு. இனி உன்ரை ஆசையைச் சொல்லு." ஒன்பது கையில் இருக்க ஜாக்கி வரும் என்று நம்பிக் கேட்பவர், ஏழு தடவையில் ஆறு தடவை வராத ஒன்றை நம்பிக் கேட்கிறார்.

நாலு: பக்கச் சீட்டு உதவியா, பாரமா?

துரும்புக் கலர் அல்லாத சீட்டைப் பக்கச் சீட்டு என்கிறேன். பக்கத்தில் ஒரு ஜாக்கி என்றால் உதவி. பக்கத்தில் தனியாக ஒரு ஏழு என்றாலும் உதவி. அந்தக் கலர் ஒரு சுற்றுப் போனதும் வெட்டலாம். ஆனால் பக்கத்தில் ஆசும் பத்தும் என்றால் கவனம். பார்வைக்குப் பெரிய சீட்டுகள். ஜாக்கியும் ஒன்பதும் வெளியில் இருக்கும்வரை அவை எதிரிக்குக் கட்டி வைத்த 21 புள்ளி.

ஐந்து: மற்றவர்கள் என்ன சொன்னார்கள், என்ன சொல்லவில்லை?

ஏழில் நாலு என்ற கணக்கு, எவரும் வாய் திறக்க முன் உள்ள கணக்கு. எதிரி ஒருவர் 180 கேட்டுவிட்டால், உங்களிடம் இல்லாத ஜாக்கிகளும் ஒன்பதுகளும் அங்கே இருக்கும் வாய்ப்புக் கூடிவிட்டது. கூட்டாளி பாஸ் சொன்னால் அவரது முதல் நாலில் பெரிதாக ஒன்றும் இல்லை. இனி வரப்போகும் நாலில்தான் நம்பிக்கை வைக்கலாம். பேச்சு மட்டும்தான் சாட்சி. கண் சிமிட்டுவது, செருமுவது, சீட்டை மடியில் தட்டுவது எல்லாம் கள்ளம். மாமியும் சித்தப்பாவும் அதில் வல்லவர்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஆறு: தோற்றால் எவ்வளவு போகும்?

200க்குக் குறைந்த கேள்வியில் வென்றால் ஒன்று, தோற்றால் இரண்டு. மூன்று தடவை கேட்டு இரண்டு தடவை வென்றால்தான் முதலுக்கு மோசமில்லை. ஆகவே மூன்றில் இரண்டு தடவையாவது வெல்லும் கையா இது என்று கேட்க வேண்டும். 200 கேட்டால் ஐந்தில் மூன்று தடவை வென்றாலே சமன். இதைப் பார்த்து 200தான் இலாபம் என்று நினைக்காதீர்கள். 160 எடுக்கும் கை எல்லாம் 200 எடுக்காது. நாலு ஜாக்கியும் நாலு ஒன்பதும் சேர்த்தே சரியாக 200 என்பதை நினைவில் வைத்தால் அந்தக் கேள்வியின் பாரம் புரியும்.

கேட்காமல் விடுவதற்கும் விலை உண்டு. நீங்கள் பாஸ் சொன்னால் எதிரி தனக்கு வசதியான கலரைத் துரும்பாக வைப்பார். பயந்தவருக்கும் தோல்வி வரும், கொஞ்சம் மெதுவாக.

கேட்டது பிழையா, சீட்டுப் பிழையா?

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஐயா ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "கேட்டது பிழையோ, சீட்டுப் பிழையோ?"

ஒரு நாள் எனக்கு வந்தவை கிளாவர் ஒன்பது (அந்தப் பேனா ஒன்பதுதான்), கிளாவர் ராசா, இரண்டு வெறும் சீட்டு. புள்ளி 23. எதற்கோ இருந்த எரிச்சலில் 180 கேட்டேன். அடுத்த நாலில் கிளாவர் ஜாக்கியும் ஆசும் வந்தன. வென்றோம். சித்தப்பாவே கை தட்டினார். கூட்டாளியான ஐயா சிரிக்கவில்லை. "வெண்டது சரி. கேட்டது பிழை. ஏழிலை ஒருக்கா வாறதை நம்பிக் கேட்டனி. வந்திட்டுது எண்டதுக்காக அது சரியாகாது."

பிறகொரு நாள் ஆட்டின் ஜாக்கி, ஒன்பது, ஆசு, கூடவே இஸ்கோப்பன் ஜாக்கி. 91 புள்ளி. யோசித்து 180 கேட்டேன். அடுத்து வந்த நாலும் குப்பை. மிச்ச ஐந்து துரும்பில் நாலு மாமியின் கையில். 174இல் நின்றோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகாமில் அழுவதற்கு எத்தனையோ காரணம் இருக்க, அதற்குப் போய் அழுதேன்.

ஐயா அன்று சொன்னதை நான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன். "நாலு சீட்டிலை கேட்ட கேள்வியை எட்டுச் சீட்டை வைச்சுக் கொண்டு பிழை பிடிக்கக் கூடாது பிள்ளை. அந்த நாலைத் திருப்பி விரிச்சு வை. இப்பவும் உதைத்தான் கேப்பியோ? கேப்பன் எண்டால் நீ பிழையில்லை."

அப்போது எனக்கு அது சீட்டாட்டம் மட்டும்தான். சீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்த மாமிதான் நிமிர்ந்து அவரைப் பார்த்துக் கேட்டா: "அப்ப அண்டைக்கு நீங்கள் சொன்னது?"

ஐயா பதில் சொல்லவில்லை. சீட்டை அடுக்கிப் பைக்குள் வைத்துவிட்டு வெளியே போனார்.

அம்மா இரவு எனக்குச் சொன்னா. அவர்களுக்கு ஒரு மகன். முள்ளிவாய்க்காலிலிருந்து வவுனியாவுக்கு வரும் வழியில், ஒரு நாள் இயக்கத்தில் இருந்தவர்களும் பெயரைப் பதியுங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். போவதா விடுவதா என்று பெடியன் தகப்பனைப் பார்த்தான். பிறகு பிடிபட்டால் இன்னும் மோசமாகும், இப்போதே போய்ப் பதிந்துவிடு என்று ஐயா சொன்னார். அவன் போனான். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

புதுச் சீட்டு, பழைய கேள்வி

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவன் ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவின் மகன். அவன் விளையாடுவது மேஜிக் என்ற சீட்டாட்டம். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதம் படித்தவர் உருவாக்கி 1993இல் வெளிவந்தது. அதில் சீட்டுகளை வாங்கிச் சேர்த்து, தங்கள் கட்டைத் தாங்களே அமைத்துப் போட்டிக்குப் போவார்கள். வருடத்தில் சில தடவை புதுத் தொகுதி வரும். விற்பனைக்கு வர முன் புதுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக வெளியிட்டுக் காட்டுவார்கள். எவரும் இன்னும் விளையாடிப் பார்க்காத சீட்டை, படத்தையும் எழுத்தையும் மட்டும் பார்த்து நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க வேண்டும். முன்கூட்டிச் சரியாகக் கணித்தவருக்குப் போட்டியிலும் இலாபம், விலையிலும் இலாபம்.

"சித்தி, இந்தக் கார்ட் நல்லமா?" என்று படம் அனுப்பினான். எனக்கு அந்த விளையாட்டின் விதிகள் பாதிதான் தெரியும். ஆனால் கேட்க வேண்டியவை தெரிந்தன. தனியே பார்த்தால் பெரிதாகத் தெரிகிறதா, அல்லது உண்மையில் ஆட்டத்தில் பிடி எடுத்துத் தருமா? உன்னிடம் ஏற்கனவே இருக்கும் சீட்டுகளோடு சேர்ந்து நீளமாகுமா? இது வேலை செய்ய வேறு எந்தச் சீட்டு வர வேண்டும், அது எத்தனைக்கு ஒரு தடவை வரும்? இதைத் தோற்கடிக்கும் சீட்டு எதிரியிடம் இருக்குமா? பிழைத்தால் எவ்வளவு போகும்?

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இது நாலு நைன் மாதிரி" என்றான். அக்கா வீட்டில் 304 இன்னும் நடக்கிறது.

இரண்டு விளையாட்டுக்கும் பொதுவான இன்னொன்றையும் சொன்னேன். உன் கணிப்பை அந்த நாளிலேயே ஒரு கொப்பியில் எழுதி வை, காரணத்தோடு. மூன்று மாதம் கழித்து அந்தச் சீட்டு வென்றிருந்தால், நான் அப்போதே சொன்னேன் என்று எல்லோரும் சொல்வார்கள். தோற்றிருந்தால், எனக்கு அப்போதே தெரியும் என்பார்கள். முடிவு தெரிந்த பிறகு மனம் பழைய கணக்கை மாற்றி எழுதிவிடும். எழுதி வைத்த கொப்பி மட்டும்தான் மாறாது.

மாத்தளனுக்கு முன்

இது சீட்டுக்கு மட்டும் உரிய பிழை அல்ல. எங்கள் வீடுகளில் இந்தப் பேச்சு இல்லாத வீடு ஏது? தைமாதமே வெளிக்கிட்டிருக்கலாம். விசுவமடுவில் நின்றிருக்கக் கூடாது. அந்த பங்கருக்குள் போகச் சொன்னது நான். அவளைத் தண்ணீர் எடுக்க அனுப்பியது நான். பதினாறு, பதினேழு வருடமாக எட்டுச் சீட்டையும் விரித்து வைத்துக்கொண்டு நாலு சீட்டில் கேட்டவரைக் குற்றவாளியாக்குகிறோம். பெரும்பாலும் அந்தக் குற்றவாளி நாங்களேதான்.

கேள்வி கேட்டவரின் பொறுப்பும், சீட்டைப் பிரித்தவரின் பொறுப்பும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சீட்டாட்டத்தில் சீட்டு எவர் கைக்கும் போகும். அதில் எவருக்கும் கோபம் இல்லை. ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் அந்தப் பிள்ளை எங்கே என்று சொல்லாமல் இருப்பது சீட்டு விழுந்த விதம் அல்ல. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் உட்கார்ந்த தாய்மார் கேட்பது அந்தப் பதிலைத்தான்.

2009 டிசம்பர் முதலாம் திகதி முகாமிலிருந்து வெளியே போய்வர அனுமதி கிடைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஊர்களுக்கு அனுப்பினார்கள். மெனிக்பாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அதற்கு முன்பே ஐயாவும் மாமியும் கிளிநொச்சிக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு மாமி கேட்ட கேள்விக்குப் பிறகு ஐயா ஒரு வாரம் விளையாட வரவில்லை. பிறகு வந்தார். சீட்டைப் பிரித்தார், கேட்டார், வென்றார், தோற்றார். ஆனால் ஆட்டம் முடிந்ததும் வழக்கமாகக் கேட்கும் அந்தக் கேள்வியை அவர் அதற்குப் பிறகு எவரிடமும் கேட்டதில்லை.

ஐயா இப்போது இல்லை. சென்ற வருடம் மாமியைப் பார்க்கப் போனேன். சுவரில் மகனின் படம். அதற்குப் பக்கத்தில் ஐயாவின் படம். தேத்தண்ணி வைத்துத் தந்தா. கடதாசிக் கூட்டம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அதே பொலித்தீன் பைக்குள்ளிருந்து எடுத்து வந்தா. ஆகஸ்ட் மழையில் கொட்டிலுக்குள் வெள்ளம் வந்தபோது நனைந்ததில் கிளாவர் ஒன்பதின் மை கரைந்து, அது திரும்பவும் பாதி மூன்றாகிவிட்டிருந்தது.

அன்று ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. மாமிதான் தானாகச் சொன்னா.

"அவர் சாகிறதுக்குக் கொஞ்ச நாள் முதல் நான் சொன்னனான் பிள்ளை. அண்டைக்கு அந்த வெயிலுக்கை, அந்தச் சனத்துக்கை, ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருக்க, எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதை வைச்சு நானும் அதைத்தான் சொல்லியிருப்பன் எண்டு. முதல் நாளே சொல்லியிருக்க வேணும். எட்டு வருசம் கழிச்சுத்தான் சொன்னனான்."

ஐயா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. கையைப் பிடிச்சவர்."

சீட்டைக் குலுக்கி என்னிடம் நீட்டினா. இரண்டு பேரால் 304 விளையாட முடியாது என்று இருவருக்கும் தெரியும். வெட்டிக் கொடுத்தேன். நாலு நாலாக நாலு கைக்கும் பிரித்து வைத்தா. எனக்கு வந்த நாலையும் எடுத்துப் பார்த்தேன்: உறுதியான பிடி ஒன்று, நீளம் இல்லை, பக்கத்தில் ஆசும் பத்தும்.

"பாஸ்" என்றேன்.

"சரியான கேள்வி" என்றா மாமி.